பால் மேல் சந்தேகமா? பாக்கெட்டைப் படிப்பதிலிருந்து புகார் கொடுப்பது வரை

புது ஊருக்குக் குடிவந்ததும், சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே கேட்கிற கேள்வி "இங்கே பால் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். அடுத்த கேள்வி வர ஒரு வாரம் ஆகும்: "இது நல்ல பால்தானா?" முதல் கேள்விக்குப் பக்கத்து வீட்டில் பதில் கிடைத்துவிடும். இரண்டாவதற்குப் பதில் சொல்ல வாட்ஸ்அப்பில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் பயமுறுத்துகிறார்கள். நீங்களே எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க முடியாது, யாரிடம் எப்படிச் சொன்னால் வேலை நடக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகப் படித்தாலும் புரியும். ஆனால் சோதனையை முதலில் செய்துவிட்டு பாக்கெட்டை அப்புறம் படிக்காதீர்கள். பல சந்தேகங்கள் பாக்கெட்டைப் படித்தாலே தீர்ந்துவிடும்.

பயப்பட வேண்டியது எதற்கு

இந்திய உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் (சுருக்கமாக எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 2018 மே முதல் அக்டோபர் வரை நாடு முழுக்க ஒரு பெரிய பால் ஆய்வு நடத்தியது. 1,103 ஊர்களில் 6,432 மாதிரிகள் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு முடிவு வந்தது. 93 சதவீதப் பால் குடிக்கப் பாதுகாப்பானது. யூரியா, சோப்புத்தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை கலந்திருந்த மாதிரிகள் மொத்தமே 12.

அப்படியென்றால் கவலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். அதே ஆய்வில் 368 மாதிரிகளில் அஃப்லாடாக்சின் எம்1 என்ற நச்சு வரம்புக்கு மேல் இருந்தது. நாட்டிலேயே அதிகமாகச் சிக்கியது நம் மாநிலத்தில்தான்: எடுத்த 551 மாதிரிகளில் 88. இது யாரும் கலந்தது இல்லை. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் மாடு தின்றால் பாலில் இறங்குகிற நச்சு. இன்னும் 77 மாதிரிகளில் கால்நடைக்குப் போட்ட ஆன்டிபயாடிக் மருந்தின் எச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது. இவை போக, பாதுகாப்பில் குறை இல்லாவிட்டாலும் கொழுப்போ மற்ற சத்தோ தர அளவுக்குக் குறைந்திருந்த பால் நிறைய.

ஆக, நாம் பயப்படுவது சோப்புத்தூளுக்கு, அதிகம் அகப்பட்டதோ மாட்டுத் தீவனத்திலிருந்து வந்த விஷம். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த ஆய்வு 50,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களில் மட்டும் நடந்தது. சின்ன ஊர்ப் பாலுக்கு அந்த 93 சதவீதச் சான்றிதழை அப்படியே ஒட்டிவிட முடியாது.

பாக்கெட்டைப் படியுங்கள்

"நீலப் பாக்கெட் பால் தண்ணியா இருக்கு" என்பது தெருவுக்குத் தெரு கேட்கும் குறை. அது அப்படித்தான் இருக்கும். ஆவின் நீலப் பாக்கெட் 'டோன்டு' பால். அந்த வகைக்குச் சட்டம் கேட்பது 3 சதவீதக் கொழுப்பும் 8.5 சதவீதக் கொழுப்பற்ற திடப்பொருளும் (பால்காரர்கள் 'எஸ்.என்.எஃப்.' என்பார்கள்). பச்சை 'ஸ்டாண்டர்டைஸ்டு', கொழுப்பு 4.5. ஆரஞ்சு 'ஃபுல் கிரீம்', கொழுப்பு 6, எஸ்.என்.எஃப். 9. 'டபுள் டோன்டு' பாலில் கொழுப்பு 1.5தான். தனியார் பால்காரர்கள் நிறத்தை மாற்றி வைத்திருப்பார்கள். நிறத்தை நம்பாமல் வகையின் பெயரைப் பாருங்கள், அது அச்சிட்டே ஆக வேண்டும். 'பசும்பால்' என்று போட்டு விற்றால் குறைந்தது 3.2 சதவீதக் கொழுப்பும் 8.3 எஸ்.என்.எஃப்.பும் இருக்க வேண்டும்.

ஏடு கட்டவில்லை என்பது அடுத்த குறை. சில நிறுவனங்கள் பாலை ஹோமோஜினைஸ் செய்கின்றன, அதாவது கொழுப்பு உருண்டைகளை உடைத்துப் பால் முழுக்கப் பரப்பிவிடுகின்றன. அந்தப் பாலில் ஏடு மெலிசாகத்தான் படியும். காபிக்குக் கெட்டியாக இருக்கும், ஆனால் வெண்ணெய் எடுக்க உட்கார்ந்தால் ஏமாந்துதான் போவீர்கள்.

அடுத்து 14 இலக்க உரிம எண். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னத்துக்குக் கீழே இருக்கும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வணிகருக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. அதனால் 124 என்று தொடங்கினால் தமிழ்நாட்டு மாநில உரிமம், 224 என்றால் தமிழ்நாட்டில் பதிவு செய்த சிறு வணிகர், 100 என்றால் மத்திய உரிமம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 'ஃபாஸ்காஸ்' இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்தது, நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எண்ணே இல்லாத பாக்கெட்டை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

'ஏ2 பால்' என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதற்காக இரட்டை விலை கொடுக்கும் முன் யோசியுங்கள். 2024 ஆகஸ்டில் அந்த வாசகத்தையே பாக்கெட்டிலிருந்து எடுக்கச் சொன்ன ஆணையம், சில நாட்களில் உத்தரவைத் திரும்பப் பெற்றது. அந்தப் பட்டம் புரத வகையைச் சொல்கிறதே தவிர, சுத்தத்தைச் சொல்வதில்லை.

கடையில் பார்க்க வேண்டியது

பாஸ்சரைசேஷன் என்பது பாலை 72 டிகிரியில் 15 விநாடி (அல்லது 63 டிகிரியில் அரைமணி) வைத்து, உடனே 4 டிகிரிக்குக் குளிர்விப்பது. நோய்க் கிருமிகள் செத்துவிடும், பாலைப் புளிக்க வைக்கும் கிருமிகள் எல்லாம் சாகாது. குளிர் விட்டால் அவை பெருக ஆரம்பிக்கும். பண்ணையிலிருந்து குளிராகக் கிளம்பிய பால், விடியற்காலை நாலு மணிக்குக் கடை வாசலில் டப்போடு இறங்கி, கடைக்காரர் ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்வரை வெளியிலேயே கிடந்தால் என்ன ஆகும்? சித்திரை வைகாசியில் அடுப்பில் வைத்ததும் திரிந்துவிடும். வீட்டில் எல்லாரும் "கலப்படம்" என்பார்கள். உண்மையில் அது குளிர்ச் சங்கிலி அறுந்த கதை.

பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் ஜில்லென்று இருக்க வேண்டும். உப்பியிருந்தால், ஓரத்தில் கசிந்தால், நேற்றைய தேதி என்றால் திருப்பிக் கொடுங்கள். டப்புக்குள் தேங்கிய பால் புளித்து நாறுகிறதா என்று மூக்கைக் கொஞ்சம் பயன்படுத்தினால் அந்தக் கடையின் ஒழுங்கு தெரிந்துவிடும்.

திரிகிற பாலைவிட, திரியவே மாட்டேன் என்கிற பால்தான் சந்தேகத்துக்குரியது. காய்ச்சாத சாதாரண பாக்கெட் பாலை வெயில் காலத்தில் ஒரு பகல் முழுக்க மேடையில் வைத்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால், புளிப்பை மறைக்கச் சோடா உப்போ, கெடாமலிருக்க வேறு ஏதோ சேர்ந்திருக்கலாம். அட்டைப்பெட்டியில் வரும் யு.எச்.டி. பால் வேறு கதை. மிக அதிகச் சூட்டில் பதப்படுத்திக் கிருமி புகாமல் அடைப்பதால் திறக்காதவரை மாதக்கணக்கில் நிற்கும்.

அப்புறம், 'கூலிங் சார்ஜ்' என்று பாக்கெட்டில் போட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ வாங்குவது. இதை உணவு பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லிப் பயனில்லை. அதிக விலையும் அளவுக் குறைவும் தொழிலாளர் துறையின் கீழ் இயங்கும் சட்டமுறை எடையளவுப் பிரிவின் வேலை.

வீட்டுக்கு வந்து ஊற்றுகிற பால்

கறந்த பால் என்றாலே சுத்தம் என்ற நம்பிக்கை நமக்கு ஊறிப்போனது. நல்ல பால்காரர் கிடைத்தால் அது பாக்கியம்தான். ஆனால் கறந்த பால் பாஸ்சரைஸ் செய்யாதது. மாட்டுக்கு புரூசெல்லா நோயோ காசநோயோ இருந்தால் பச்சைப் பால் வழியாக மனிதனுக்கு வரும். பொங்கி வந்தவுடன் இறக்காமல், தீயைக் குறைத்துக் கிண்டியபடி இன்னும் சில நிமிடம் கொதிக்க விடுங்கள். "நாட்டு மாட்டுப் பால், பச்சையாகவே குடிக்கலாம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சட்டப்படி அவருக்கும் பதிவு வேண்டும். கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருந்து கறந்த பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்றுகிற விவசாயிக்கு மட்டும் விலக்கு உண்டு. சங்கத்துக்குப் பாதி, தெருவுக்கு மீதி என்றால் அந்த விலக்கு கிடையாது. இதை வைத்து மாடு வைத்திருக்கும் பெரியவரை மிரட்டச் சொல்லவில்லை. பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் எப்படி எடுப்பது என்று சொல்லுங்கள். ஆண்டுக்கு நூறு ரூபாய்க் காரியம்.

அவரிடம் கேட்க வேண்டிய உபயோகமான கேள்விகள் வேறு. "அண்ணே, மாட்டுக்கு மடிநோய்க்கு ஊசி ஏதும் போட்டிருக்கீங்களா?" என்று கேளுங்கள். மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போட்டால், மருத்துவர் சொல்கிற நாள் கணக்கு முடியும்வரை அந்தப் பாலை விற்கக் கூடாது. "பிண்ணாக்கு எங்கே வாங்கறீங்க, மழையில நனையாம இருக்கா?" என்பது இன்னொரு கேள்வி. கடலைப் பிண்ணாக்கும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் ஈரத்தில் கிடந்தால் பூஞ்சை ஏறும். அஃப்லாடாக்சின் காய்ச்சினாலும் போகாது, வீட்டில் எந்தச் சோதனையிலும் தெரியாது. தீவன மூட்டை வைத்த இடத்தில்தான் அதைத் தடுக்க முடியும். உங்கள் பால்காரரின் கொட்டகைக்கு ஒருமுறை போய் வந்தால், பத்து முறை பாலைச் சோதிப்பதைவிட அதிகம் தெரியும்.

லாக்டோமீட்டர்: எவ்வளவு நம்பலாம்

பால்மானி எனும் லாக்டோமீட்டரை மருத்துவ ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் வாங்கலாம். கிராமத்துச் சங்கத்தில் 'டிகிரி பார்ப்பது' என்பார்கள். தண்ணீரைவிடப் பால் அடர்த்தி அதிகம். சுத்தமான பாலில் மானி உயர்ந்து மிதக்கும், தண்ணீர் கலந்தால் அமிழும். பசும்பால் பொதுவாக 28, 30 காட்டும், எருமைப்பால் 32 வரை போகும். 26க்குக் கீழே இறங்கினால் தண்ணீர் என்று சந்தேகிக்கலாம்.

பார்க்கிற முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கறந்த உடனே பார்க்காதீர்கள். பாலில் காற்றும் நுரையும் இருக்கும், டிகிரி குறைவாகக் காட்டும். ஒரு மணி நேரமாவது ஆறட்டும். பாலை நுரைக்காமல் மெல்லக் கலக்கி, உயரமான பாத்திரத்தில் வழிய வழிய ஊற்றி, மானியைச் சுவரில் ஒட்டாமல் விடுங்கள். மானியின் மேலேயே அது எந்த வெப்பநிலைக்கு அளவு போட்டது என்று இருக்கும்: சிலவற்றில் 15.5, சிலவற்றில் 27. அந்தச் சூட்டுக்குப் பாலைக் கொண்டுவராமல் பார்த்தால் எண் பொய் சொல்லும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலில் மானி மிதந்து, தண்ணீர்ப் பாலைக்கூட நல்ல பாலாக்கிவிடும்.

இவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் அதை ஏமாற்றலாம். கொழுப்பு பாலைவிட லேசு. ஏட்டை வழித்து எடுத்துவிட்டால் மிச்சப் பால் அடர்த்தியாகி டிகிரி ஏறும். ஏறிய டிகிரியைச் சரிக்கட்டத் தண்ணீர் ஊற்றினால் பழையபடி 28. வெண்ணெயும் லாபம், தண்ணீரும் லாபம், மானி வாயே திறக்காது. கொஞ்சம் சர்க்கரையோ உப்போ போட்டாலும் டிகிரி ஏறும். அதனால்தான் சங்கத்தில் டிகிரியோடு கொழுப்பையும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். கொழுப்புக்கு கெர்பர் சோதனை: 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால், அப்புறம் சுழற்றும் இயந்திரம். இப்போது பல சங்கங்களில் பாலை உறிஞ்சி நொடியில் எண் காட்டும் கருவி வந்துவிட்டது.

அடுக்களையிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வீட்டுச் சோதனைகளைத் தொகுத்து 'டார்ட்' என்ற பெயரில் கைப்புத்தகம் வெளியிட்டிருக்கிறது. பாலுக்கு உள்ளவற்றில் வீட்டுக்கு ஒத்துவருவதை மட்டும் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விதி, கைப்புத்தகத்தில் இல்லாதது: எந்தச் சோதனையையும் சந்தேகப் பாலில் மட்டும் செய்யாதீர்கள். பக்கத்தில் அதே வகையில் நம்பகமான பால் ஒன்றை வையுங்கள், நீங்களே வேண்டுமென்று கலந்த பால் ஒன்றையும் வையுங்கள். மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால்தான் கண்ணுக்கு அளவு பிடிபடும்.

தண்ணீருக்கு: வழவழப்பான சரிவில் ஒரு சொட்டு விடுங்கள். கவிழ்த்த எவர்சில்வர் தட்டின் சரிவு போதும். நல்ல பால் மெல்ல இறங்கி வெள்ளைத் தடம் விடும். தண்ணீர்ப் பால் தடமில்லாமல் ஓடிவிடும். டோன்டு பால் ஃபுல் கிரீமைவிட வேகமாகத்தான் ஓடும் என்பதை மறந்துவிடாதீர்கள், நீலத்தையும் ஆரஞ்சையும் ஓட்டப் பந்தயம் விடுவதில் பயனில்லை.

சோப்புத்தூளுக்கு: மூடி போட்ட சின்ன பாட்டிலில் கொஞ்சம் பாலும் அதே அளவு தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். எந்தப் பாலும் மெல்லிய நுரை தரும். அடர்ந்த நுரை கட்டி அடங்காமல் நின்றால் சந்தேகப்படலாம்.

மாவுக்கு: இரண்டு மூன்று மில்லி பாலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, மருந்துக்கடை டிங்க்சர் அயோடின் இரண்டு சொட்டு விடுங்கள். நீலமானால் மாவு கலந்திருக்கிறது. ஆறவைப்பது முக்கியம், சூட்டில் நிறம் சரியாக வராது. கலந்த பாலுக்கு ஒரு சொட்டு சோற்றுக் கஞ்சி சேர்த்துப் பாருங்கள், கருநீலம் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்கும் காட்டலாம்.

யூரியாவுக்கு: 5 மில்லி பாலில் அரை டீஸ்பூன் துவரம்பருப்புப் பொடியோ சோயாப் பொடியோ போட்டுக் கலந்து ஐந்து நிமிடம் விடுங்கள். சிவப்பு லிட்மஸ் தாளை அரை நிமிடம் முக்கி எடுங்கள். நீலமானால் யூரியா. பருப்பில் உள்ள யூரியேஸ் என்ற நொதி யூரியாவை அம்மோனியாவாக உடைப்பதால் இது நடக்கிறது. ஆனால் எந்தப் பாலிலும் இயற்கையாகவே கொஞ்சம் யூரியா உண்டு. சட்டமே பத்து லட்சத்தில் 700 பங்குவரை ஒத்துக்கொள்கிறது. லேசாக நிறம் மாறியதற்குப் பால்காரரின் சட்டையைப் பிடிக்க வேண்டாம்.

ஃபார்மலினுக்கு அடர் கந்தக அமிலம் விட்டு வளையம் பார்க்கும் சோதனையும் புத்தகத்தில் இருக்கிறது. வீட்டில் செய்யாதீர்கள். பால் கெட்டால் வேறு பால் வாங்கலாம், கண் போனால் வேறு கண் கிடையாது. சோதித்த பாலையும் சமையலுக்கு எடுக்காமல் கொட்டிவிடுங்கள்.

திரிந்த பாலைக் காய்ச்சும்போது ரப்பர் மாதிரி இழுபடும் வீடியோக்கள் சுற்றிக்கொண்டே இருக்கும், 'பிளாஸ்டிக் பால்' என்ற தலைப்போடு. புளித்த பாலில் கேசின் என்ற புரதம் திரண்டு, சூட்டில் பிசின் போல ஆவதுதான் அது. பீட்சாவில் பாலாடைக்கட்டி இழுபடுவதும் இந்தப் புரதத்தால்தான், அதற்கு மட்டும் யாரும் புகார் கொடுப்பதில்லை.

புகார் கொடுப்பது

பெரியவர்கள் "ஹெல்த் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லு" என்பார்கள். 2011 ஆகஸ்டு வரை அது சரி. அதன்பின், 1954ஆம் ஆண்டு கலப்படத் தடைச் சட்டம் போய், 2006ஆம் ஆண்டு உணவு பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இப்போது பொறுப்பு தமிழ்நாடு உணவு பாதுகாப்பு மற்றும் மருந்து நிர்வாகத் துறைக்கு. மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர், அவருக்குக் கீழே வட்டாரத்துக்கும் நகராட்சிக்கும் உணவு பாதுகாப்பு அலுவலர்கள். துறையின் வாட்ஸ்அப் புகார் எண் 94440 42322. ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800 11 2100. 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியிலும் போடலாம். பாக்கெட் பாலென்றால் உறையில் உள்ள நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கும் சொல்லுங்கள். அந்தத் தொகுப்பைத் திரும்பப் பெற அவர்களால்தான் சீக்கிரம் முடியும்.

"பால் சரியில்லை, நடவடிக்கை எடுக்கவும்" என்று அனுப்பினால் அலுவலரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்:

"இன்று காலை 5.40க்கு, இன்ன தெருவில் இன்ன கடையில், இன்ன நிறுவனத்தின் டோன்டு பால் அரை லிட்டர் இரண்டு பாக்கெட் வாங்கினேன். தொகுப்பு எண், பயன்படுத்த வேண்டிய தேதி படத்தில் உள்ளன. 6 மணிக்குக் காய்ச்சியபோது திரிந்தது. இன்னொரு பாக்கெட்டைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். கடை திறப்பதற்கு முன் டப்புகள் வாசலில் வெளியிலேயே கிடந்தன. கடையில் தினமும் பால் இறங்கும் நேரம் காலை 4.30."

கடைசி வரி ரொம்ப முக்கியம். பத்து மணிக்கு வருகிற அலுவலருக்குக் கடையில் பாலே இருக்காது. நேரத்தைச் சொன்னால்தான் அவர் விடியற்காலையில் வந்து மாதிரி எடுக்க முடியும். உறையைக் கிழித்து எறிந்துவிட்டுப் புகார் கொடுப்பவர்கள் நிறையப் பேர். தொகுப்பு எண் இல்லாத புகார் பாதி செத்த புகார். இன்னொன்று, நீங்கள் பிரித்த பாலை டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தால் அதை வைத்து வழக்குப் போட முடியாது. உங்கள் பால் ஒரு துப்பு மட்டுமே. சட்டத்துக்குச் செல்லுபடியாவது அலுவலர் தாமே, சாட்சியை வைத்துக்கொண்டு, விலை கொடுத்து எடுக்கிற மாதிரி.

மாதிரி எடுத்த பிறகு

அலுவலர் பாலை நன்றாகக் கலக்கி நாலு பங்காகப் பிரித்து, தனித்தனி பாட்டிலில் அடைத்து முத்திரை வைப்பார். ஒன்று அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்குப் போகும். இரண்டு நியமன அலுவலரிடம் இருக்கும். நாலாவதை, விற்றவர் கேட்டால், அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால், அவர் பாட்டிலில் ஃபார்மலின் சொட்டு விடுவதைப் பார்த்து நீங்கள் திடுக்கிடலாம். வழியில் பால் திரிந்துவிடாமல் இருக்க விதியே அனுமதிக்கிற பதப்பொருள் அது, 25 மில்லிக்கு இரண்டு சொட்டு. கிருமிச் சோதனைக்கான மாதிரிக்கு இது ஆகாது, அதைக் குளிரிலேயே கொண்டுபோக வேண்டும்.

தமிழ்நாட்டில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் சென்னை கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோயம்புத்தூர், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் இருக்கின்றன. அங்கே கொழுப்பு, எஸ்.என்.எஃப்., நடுநிலையாக்கிகள் (புளிப்பை மறைக்கச் சேர்க்கும் சோடா உப்பு போன்றவை), யூரியா, மாவு, சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். பாஸ்சரைஸ் செய்த பாலா என்று பார்க்க பாஸ்பட்டேஸ் சோதனை உண்டு. பச்சைப் பாலில் இருக்கிற அந்த நொதி சரியான சூட்டில் அழிந்துவிடும், அழியாமல் இருந்தால் பதப்படுத்தியது ஒழுங்கில்லை என்று அர்த்தம். அறிக்கைக்குச் சட்டம் கொடுக்கும் கெடு 14 நாள். விற்றவருக்கு அறிக்கை ஒப்பவில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், மாதிரியின் மறுபங்கு மேலாய்வுக் கூடத்துக்குப் போகும்.

இங்கேதான் புகார் கொடுத்தவர்கள் பொறுமை இழப்பார்கள். "தண்ணி கலந்தது நிரூபணமாயிடுச்சு, ஏன் இன்னும் அந்த ஆளை ஜெயில்ல போடல?" சட்டம் பாலை மூன்று வகையாகப் பிரிக்கிறது. தண்ணீர் கலந்து சத்துக் குறைந்தது 'தரம் குறைந்த' உணவு. விவரம் தப்பாக அச்சிட்டது 'தவறாகக் குறியிட்ட' உணவு. உடம்புக்குக் கெடுதல் செய்வதுதான் 'பாதுகாப்பற்ற' உணவு. முதல் இரண்டும் நீதிமன்றத்துக்கே போகாது. மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து அபராதம் போடுவார். தரம் குறைந்ததற்கு 5 லட்சம் வரை, தவறான குறியீட்டுக்கு 3 லட்சம் வரை. சின்ன வியாபாரிக்கு இதெல்லாம் உச்சவரம்பு மட்டும், போடும் தொகை குறைவாக இருக்கும். பாதுகாப்பற்ற உணவு என்றால்தான் குற்ற வழக்கும் சிறைத் தண்டனையும், உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை. ஆகவே அறிக்கையில் எந்த வார்த்தை இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நடவடிக்கை என்ன ஆனது என்று அலுவலகத்தில் பதில் வரவில்லையென்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம்.

உங்கள் செலவில் சோதிக்க

அலுவலருக்காகக் காத்திருக்காமல் நீங்களே கொடுக்கவும் வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, பொருளை வாங்கிய யாரும் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். தரமில்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். ஒரு நிபந்தனை: வாங்கும்போதே "இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னதும் அவர் அடியில் இருக்கும் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கலாம், அதுவும் நடக்கும். குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து கொடுத்தால் செலவு பகிர்ந்துபோகும், விற்பவரும் கொஞ்சம் பயப்படுவார். கிளம்பும் முன் கூடத்துக்குப் போன் செய்து எவ்வளவு பால், எப்படிக் கொண்டுவர வேண்டும், எந்தெந்தச் சோதனை செய்வார்கள் என்று கேளுங்கள். ஆன்டிபயாடிக், அஃப்லாடாக்சின் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் மட்டும் பார்த்துத் தாளைக் கொடுத்துவிட வாய்ப்புண்டு.

நீங்களே பால் விற்கப் போகிறீர்களா

இரண்டு மாடு வாங்கி நாலு வீட்டுக்கு ஊற்றலாம் என்று நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக. நாளொன்றுக்கு 500 லிட்டர் வரை என்றால் பதிவு போதும், அதற்கு மேல் 50,000 லிட்டர் வரை மாநில உரிமம் என்பது 2011 விதிகள் வகுத்த அளவு. விண்ணப்பிக்கும்போது நடப்பு வரம்பை ஃபாஸ்காஸ் தளத்திலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்படமும் அடையாளச் சான்றும் வேண்டும், இ-சேவை மையத்தில் உட்கார்ந்தால் முடிந்துவிடும். பில் கொடுத்தால் அதில் பதிவு எண் இருக்க வேண்டும். எவர்சில்வர் கேன்தான் நல்லது. பிளாஸ்டிக் குடத்தின் கீறலில் ஒட்டிய பாலை எவ்வளவு தேய்த்தாலும் எடுக்க முடியாது. கறந்து முடித்ததும் கேனைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துங்கள். ஊசி போட்ட மாட்டின் பாலைத் தனியாக வையுங்கள், கன்றுக்கும் கொடுக்காதீர்கள். எந்த மாட்டுக்கு எந்த நாளில் என்ன மருந்து என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அலுவலர் வந்தால் முதலில் கேட்பது பதிவுச் சான்றிதழ், அதை வீட்டு அலமாரியில் பூட்டாமல் பால் ஊற்றுகிற இடத்திலேயே சட்டம் போட்டு மாட்டுங்கள். காலாவதி தேதியை போனில் நினைவூட்டலாகப் போட்டுவைத்து, அதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள்.